மகளின் தூக்கத்துக்காக ஆறு வாரம்: தென்சென்னைத் தூக்கச் சிகிச்சை மையம் ஒன்றைப் பற்றி

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரவில் தூங்குவதில்லை என்பதையும், பகலில் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதையும் பல மாதங்களாக இரண்டு தனித்தனிக் குறைகளாகவே நாங்கள் நினைத்திருந்தோம். முதலாவதற்குக் கைப்பேசியைக் குற்றம் சொன்னோம். இரண்டாவதற்கு வயதைக் குற்றம் சொன்னோம். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுத பிறகுதான், தென்சென்னையில் உள்ள தனியார் தூக்கச் சிகிச்சை மையம் ஒன்றில் பதின்பருவத்தினருக்கென நடத்தப்படும் ஆறு வாரத் திட்டத்தில் அவளைச் சேர்த்தோம். அந்தத் திட்டத்தைப் பற்றிய என் மதிப்பீடு இது. மகளின் அனுமதியோடுதான் எழுதுகிறேன் என்றாலும், அவளுடைய உடல்நல விவரங்கள் இதில் கலந்திருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏறத்தாழ இதே அமைப்பில் நகரின் வேறு சில இடங்களிலும் திட்டங்கள் நடக்கின்றன. சேரும் முன் எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்ள இது பயன்படலாம்.

முதல் ஆலோசனைக்கு 1,500 ரூபாய் தனிக் கட்டணம். அதற்குப் பிறகான ஆறு வாரத் தொகுப்புக்கு 18,000 ரூபாய். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மதிப்பிடுவது நியாயமாக இருக்காது. ஏனெனில் அந்த 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது, அடுத்து வந்த 18,000 ரூபாயில் பாதிக்குக் கிடைத்ததைவிட மேலானது.

அந்த முதல் சந்திப்பு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடந்தது. மருத்துவர் எங்கள் மூவரிடமும் கால் மணி நேரம் பேசினார். குறட்டை உண்டா, கால்களில் குடைச்சல் உண்டா, வாயால் மூச்சு விடுகிறாளா, மாதவிடாய் எப்படி இருக்கிறது, காபி எத்தனை முறை என்று கேட்டு, இரத்தத்தில் ஃபெரிட்டினும் (உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) தைராய்டும் பார்க்கச் சொல்லி எழுதினார். உடலில் இரும்பு இருப்பு குறைந்தால் இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும், அதனால் தூக்கம் கலையும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு மருத்துவ உளவியலாளரான ஒரு பெண்மணி மகளைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். போகும் முன் எங்கள் முன்னிலையிலேயே அவளிடம், “நீ சொல்றது எதுவும் அப்பா அம்மாகிட்ட போகாது. உன் உயிருக்கோ வேற யாரோட உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும்தான் சொல்லுவேன், அதையும் உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்று தெளிவாகச் சொன்னார். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு வெளியே வந்த மகளின் முகத்தில் அழுத தடம் இருந்தது. ஆனால் காரில் ஏறியதும், பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக, பசிக்கிறது என்றாள்.

அவள் உள்ளே இருந்தபோது எங்களுக்குச் சில படிவங்களைக் கொடுத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று, ராபர்ட் குட்மன் என்னும் பிரிட்டன் மனநல மருத்துவர் 1997-இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாள். உணர்ச்சிச் சிக்கல்கள், நடத்தைச் சிக்கல்கள், மிகைத் துறுதுறுப்பும் கவனக்குறைவும், ஒத்த வயதினரோடான உறவு, பிறருக்கு உதவும் மனப்பாங்கு என ஐந்து பகுதிகள் அதில் உண்டு. பெற்றோருக்கு ஒரு படிவம், 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே நிரப்புவதற்கு இன்னொரு படிவம். தமிழில் அச்சிட்டதைக் கொடுத்தார்கள் என்பதை ஒரு நல்ல அடையாளமாகக் குறித்துக்கொண்டேன் (பின்னால் இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை). நானும் மனைவியும் நிரப்பியதில் கோபம், சொல் பேச்சுக் கேளாமை ஆகியவற்றுக்கு எதிரே அழுத்தமாகக் குறியிட்டிருந்தோம். மகள் நிரப்பியதில் கோபத்துக்கும் குறி இருந்தது. ஆனால் அதைவிட அடிக்கடி தலைவலி வருகிறது, நிறையக் கவலைகள் இருக்கின்றன, புதிய சூழ்நிலைகளில் பதற்றம் வருகிறது என்ற இடங்களில் அழுத்தமாக இருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் உளவியலாளர். நாங்கள் நடத்தையை மட்டும் பார்த்திருந்தோம். அவளோ உள்ளே கவலையைச் சுமந்திருந்தாள். வாரத்தில் நான்கு நாள் தலைவலி என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. இதற்காக மட்டுமே கூட அந்த 1,500 ரூபாயைக் கொடுத்திருக்கலாம். அந்த வினாத்தாள் நோயைத் தீர்மானிப்பதற்கானது அன்று, எங்கே கவனிக்க வேண்டும் என்று சுட்டுவதற்கானது என்பதை அவர் இரண்டு முறை சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த இரண்டு வாரங்களுக்குத் தூக்கக் குறிப்பேடு. விளக்கணைத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, தேநீர், மனநிலைக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பெண், இவ்வளவுதான். ஒரு கோடிட்ட நோட்டில் யார் வேண்டுமானாலும் வீட்டில் எழுதலாம். எழுதினால் தெரிவது வேறு. பள்ளி நாட்களில் மகள் சராசரியாக இரவு 12:30-க்குத் தூங்கி, 5:30 மணி ட்யூஷனுக்காக 4:50-க்கு எழுந்திருக்கிறாள். அதாவது 4 மணி 20 நிமிடம். பள்ளியிலிருந்து வந்ததும் மாலையில் ஒன்றேகால் மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பின்னிரவு 1:30-க்குத் தூங்கிப் பகல் 10:50 வரை. தூக்கத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் பள்ளி நாளில் 2:40, ஞாயிற்றுக்கிழமை 6:10. இடையே மூன்றரை மணி நேரம். சென்னைக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் உள்ள நேர வேறுபாடு அதே மூன்றரை மணிதான் என்று மருத்துவர் சொன்னார்: வாரந்தோறும் சனிக்கிழமை இரவு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்த் திங்கட்கிழமை விடியலுக்குள் திரும்பி வரும் ஒரு பெண்ணிடம், ஏனம்மா சிடுசிடுவென்று இருக்கிறாய் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தால் இந்த மதிப்புரைக்கு வேலையே இல்லை. மையத்தின் மருத்துவர் செய்த நல்ல காரியம், ஏன் இந்த வயதில் தூக்கம் தள்ளிப்போகிறது என்பதை என் அம்மாவையும் உட்கார வைத்து விளக்கியது. பருவமடையும் காலத்தில், இரவாகிவிட்டது என்று உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும் நேரமே இரவில் பின்னுக்கு நகர்கிறது. அதோடு, விழித்திருக்க விழித்திருக்க மூளையில் ஏறும் தூக்க அழுத்தமும் சிறு பிள்ளைகளிடம் ஏறுவதைவிட மெதுவாக ஏறுகிறது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து நிறுவிய செய்திகள் இவை. இதன் அடிப்படையில்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் கேட்டுக்கொண்டது. கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாக்கி 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. பத்து மணிக்குப் படு என்று நாங்கள் அதட்டியபோது அவளுடைய உடலில் இரவே தொடங்கியிருக்கவில்லை. அதிகாலை 4:50-க்கு எழுப்பியபோது, கனவுத் தூக்கம் மிகுதியாக வரும் இரவின் பின்பகுதியை முழுதாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். உணர்ச்சிகளை ஆற்றி அடுக்கி வைப்பதில் அந்தப் பகுதித் தூக்கத்துக்குப் பங்குண்டு என்று தூக்க ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2007-இல் வளர்ந்தவர்களை வைத்து நடந்த மூளைப் படமெடுப்பு ஆய்வொன்றில், ஓர் இரவு தூங்காதவர்களின் அமிக்டலா (அச்சம், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதி), மனத்தை உறுத்தும் படங்களைப் பார்த்தபோது தூங்கியவர்களுடையதைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகத் துடித்தெழுந்தது. என் மகளோ மாதக்கணக்கில் அரைத் தூக்கத்தில் இருந்தவள்.

என் அம்மா இதை எளிதில் ஏற்கவில்லை. “விடியக்காலையில படிச்சாத்தான் மனசுல நிக்கும், நாங்கல்லாம் அப்படித்தானே படிச்சோம்” என்பது அவருடைய வாதம். மருத்துவர் மறுத்துப் பேசவில்லை, “நீங்க எத்தனை மணிக்குப் படுத்தீங்கம்மா?” என்று மட்டும் கேட்டார். எட்டரை, ஒன்பது என்றார் அம்மா. அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. பிரம்ம முகூர்த்தத்துக்கு எழ வேண்டுமானால் முன்னிரவிலேயே படுக்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கின் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

சிகிச்சை என்று நடந்தது, தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின், அதாவது மருந்தில்லாமல் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையின், பதின்பருவ வடிவம். தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து வந்துவிட வேண்டும், கண் செருகும்போதுதான் மீண்டும் படுக்க வேண்டும், எழும் நேரம் எல்லா நாளும் ஒன்றாக இருக்க வேண்டும், படுக்கை தூங்குவதற்கு மட்டுமே என்பவை இதன் அடிப்படை விதிகள். இவற்றுள் கடைசி விதியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேற்கு மாம்பலத்தில் எழுநூறு சதுர அடி வீட்டில், கூடத்துக் கட்டிலில் பாட்டியோடு படுக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டில்தான் படிக்கும் மேசை, அதுதான் சோபா, அதுதான் துணி மடிக்கும் இடம். தனி அறையும் தனி மேசையும் உள்ள வீட்டுக்காக எழுதப்பட்ட விதியை இங்கே கொண்டுவந்து ஒப்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உளவியலாளர் கேட்ட கேள்வி, “பாய் இருக்கா?” என்பது. படிப்பதென்றால் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து படிக்க வேண்டும். கட்டிலில் புத்தகம் ஏறக் கூடாது. ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அதுதான்.

மற்ற மாற்றங்கள் வீட்டாருடையவை. கூடத்துத் தொலைக்காட்சி ஒன்பதரை மணிக்கு அணைய வேண்டும் என்றால் அம்மாவின் இரண்டு தொடர்கள் போயின. அவற்றை மறுநாள் பகலில் பார்க்கக் கற்றுக்கொண்டார். பேத்தி களைத்து வருகிறாளே என்று மாலை ஆறரை மணிக்கு டவராவில் ஆற்றிக் கொடுத்த ஃபில்டர் காபி நின்றது. காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பதினொன்றரைக்கும் பாதிக் காபி அவளுக்குள் விழித்துக்கொண்டிருந்தது. மாலைத் தூக்கம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேர வெளிச்சம். கைப்பேசிகள் நான்கும் (என்னுடையதும் சேர்த்து, இதை மகள் நிபந்தனையாகவே வைத்தாள்) பத்து மணிக்குப் பூஜை அலமாரிக்குக் கீழே உள்ள தட்டுக்குப் போயின. எல்லாவற்றிலும் கடினமானது அதிகாலை ட்யூஷனை மாலை 6:30 மணி வகுப்புக்கு மாற்றியது. ட்யூஷன் ஆசிரியர், பொதுத்தேர்வு ஆண்டில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று கேட்டார். உளவியலாளர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு கடிதத்தை எழுதித் தர முன்வருவார்களா என்று நீங்கள் சேரும் மையத்தில் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

இனிக் குறைகள். மாலை 7:30-க்கு நேரம் கொடுத்துவிட்டு எங்களை உள்ளே அழைத்தது 9:10-க்கு. வெளியே வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. இது ஒரு நாள் தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆறில் நான்கு மாலைகள் இப்படித்தான். காத்திருப்புக் கூடத்தில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகள், சுவரில் சத்தமாக ஓடும் தொலைக்காட்சி. சீக்கிரம் படுக்கச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் பதினைந்து பிள்ளைகள் இரவு ஒன்பதரைக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே வேதனையாக இருந்தது. தொகுப்போடு வரும் கைப்பேசிச் செயலி இன்னும் வேடிக்கை: கைப்பேசியை வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள் என்று இரவு 10:30-க்கு அதே கைப்பேசியில் மணியடிக்கும். இரண்டாம் நாளே அதை நீக்கிவிட்டு நோட்டுக்குத் திரும்பினாள் மகள்.

தொகுப்பில் ஓர் இரவு முழுவதும் நடக்கும் தூக்கப் பரிசோதனையும் அடக்கம். மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம், மூச்சு, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் பதிவு செய்யும் நல்ல பரிசோதனைதான். குறட்டையும் மூச்சுத்திணறலும் உள்ளவர்களுக்கு, கை கால் உதறல் உள்ளவர்களுக்கு அது தேவைப்படும். என் மகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. வெறும் தூக்கமின்மைக்கு வழக்கமாக இது வேண்டியதில்லை என்று மருத்துவரே முதல் நாள் சொன்னார். ஆனாலும் தொகுப்பிலிருந்து அதைக் கழிக்க வரவேற்பு மேசையில் மறுத்துவிட்டார்கள். நீண்ட வாதத்துக்குப் பிறகு, அதற்கு ஈடாக இரண்டு கூடுதல் ஆலோசனைகள் தருவதாக முடிந்தது. மருத்துவர் ஒன்று சொல்ல, விலைப்பட்டியல் வேறொன்று சொல்லும் இடங்களில் மருத்துவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அதே மேசையில் மெலடோனின் மிட்டாய்ப் புட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் விற்கப்படும் இத்தகைய 25 மிட்டாய் வகைகளைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில், 22 வகைகளில் உள்ளிருந்த அளவு உறையில் அச்சிட்டதோடு பொருந்தவில்லை. எங்கள் மருத்துவர் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை, நாங்களும் வாங்கவில்லை.

முடிவு அறிக்கை பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். வினாத்தாளைத் தமிழில் கொடுக்கத் தெரிந்தவர்கள் முடிவைத் தமிழில் சொல்லத் தெரியாமல் போனது ஏன் என்று விளங்கவில்லை. வீட்டின் கால அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர் என் அம்மா. அவர் படிக்க முடியாத அறிக்கையால் எங்கள் வீட்டில் என்ன மாறும்? கடைசியில் மகளே இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

பலன் என்னவென்றால், ஆறாம் வாரக் கடைசியில் அவள் தூங்கும் நேரம் சராசரியாக 11:10. எழும் நேரம் ஆறு மணி. ஞாயிற்றுக்கிழமை ஏழரை. இன்னும் எட்டு மணி நேரத்தைத் தொடவில்லை. காலை 8:15-க்குத் தொடங்கும் பள்ளியும் வேன் வரும் நேரமும் மாறாத வரை தொடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைவலி வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. ஃபெரிட்டின் குறைவாக இருந்ததால் இரும்பு மாத்திரையும் ஓடுகிறது, எது எதனால் என்று பிரித்துச் சொல்ல இயலாது. அவளே நிரப்பிய வினாத்தாளின் மொத்த மதிப்பெண் 18-லிருந்து 14-ஆக இறங்கியது. 15 வரை இயல்பு என்பது அந்தத் தாளுக்கான அளவுகோல். எரிந்து விழுவது நின்றுவிடவில்லை. ஆனால் எரிந்து விழுந்த பிறகு திரும்பி வந்து பேசுகிறாள். கவலைகளில் சில தூக்கத்தால் வந்தவை அல்ல என்பதும், வகுப்பில் ஒரு தோழியோடு ஏற்பட்ட முறிவும் அதில் உண்டு என்பதும் நான்காம் வாரத்தில் வெளியே வந்தன. அதற்கான ஆலோசனை இப்போதும் தொடர்கிறது. தூக்கம் கெட்டால் மனம் கெடும், மனம் கெட்டால் தூக்கம் கெடும் என்ற இருவழிப் பாதையில் எந்த முனையிலிருந்து பிடித்தாலும் மறுமுனையையும் பார்த்தாக வேண்டும் என்பதை இந்த மையம் மறக்கவில்லை. என் மதிப்பீட்டில் அதன் உண்மையான பலம் அதுதான்.

18,000 ரூபாய் எல்லோராலும் முடியாது என்பதை அறிவேன். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். பிள்ளை பல வாரங்களாகத் தூங்காமல், பிடித்தவற்றிலும் நாட்டமிழந்து, வாழ்வே வேண்டாம் என்ற பொருளில் ஏதேனும் சொன்னால், குறிப்பேடும் தொகுப்பும் வரிசையும் பார்க்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அது இத்தகைய திட்டங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அந்த நிலை இல்லாதவர்கள், முதலில் இரண்டு வாரம் வீட்டிலேயே குறிப்பேடு எழுதி எடுத்துக்கொண்டு, முதல் ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டிப் போகலாம். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால், தொகுப்பாக வாங்காமல் ஆலோசனைகளை மட்டும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்டால் தருகிறார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், உளவியலாளருக்கு ஐந்து, மருத்துவருக்கு நான்கு, வரவேற்பு மேசைக்கு ஒன்று. நேரம் குறிக்கும்போது சனிக்கிழமை காலை பத்து மணியைக் கேட்டு வாங்குங்கள். மாலை நேரம் மட்டுமே இருக்கிறது என்றால் அடுத்த வாரம் வரை காத்திருங்கள்.